எங்கள் விமானக் கம்பெனியில் பழைய விமானங்கள்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். "பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விளையாட்டிலும் கணக்கு உண்டு, வரலாறு உண்டு, பூகோளம் உண்டு. ஏன், அறமும் உண்டு என்பதை இவ்வாண்டு எங்கள் குழு நேரில் கண்டது. அதனை மலர் படிக்கும் சகோதரிகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லாங்கிணற்றுக்கும் விமானத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். எங்கள் ஊர் கரிசல் பூமி. வானத்தை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கும் ஊர். அருப்புக்கோட்டைக்குச் சென்றால் தறிச் சத்தம் கேட்கும்; திருச்சுழிப் பக்கம் சென்றால் சீமைக்கருவேலங் காடு தெரியும். எங்கள் வகுப்பில் விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. எங்களில் இருவர், அண்ணன்மார் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட நாளில் மதுரை விமான நிலைய வாயில் வரை சென்று கையசைத்துத் திரும்பியிருக்கிறோம். எங்கள் விமான அனுபவம் அவ்வளவே.

முன்பு எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த அக்காமார், அறிவியல் கண்காட்சிக்காக ஒரு விளையாட்டைச் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பெயர் 'விமானக் கம்பெனி'. ஒரு பெரிய சார்ட் அட்டையில் இந்திய வரைபடம். நான்கு பேர் ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு கம்பெனியின் முதலாளி. விமானம் வாங்க வேண்டும். எந்த ஊருக்கு ஓட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். தாயக்கட்டையை உருட்டினால் அந்த முறை எவ்வளவு கூட்டம் என்று தெரியும். டிக்கெட் வரவு, எரிபொருள், சம்பளம், பழுது பார்க்கும் செலவு ஆகிய அனைத்தையும் கணிப்பொறியில் உள்ள எக்செல் தாள் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடும். முடிவில் யாருடைய கையிருப்பு அதிகமோ அவரே வென்றவர்.

விளையாட்டு நல்ல விளையாட்டுதான். ஆனால் அதில் மூன்றே விமானங்கள் இருந்தன: ஏர்பஸ் ஏ320, போயிங் 737-800, ஏ.டி.ஆர். 72. நான்கு பேரும் முதல் முறையிலேயே ஏ320 வாங்கிச் சென்னைக்கும் டெல்லிக்கும் ஓட்டுவர். ஆட்டம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி முடியும். எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி அதைப் பார்த்துவிட்டு, "இவ்வாண்டு பழைய விமானங்களைச் சேர்த்துப் பாருங்களேன்" என்றார். கூடவே இரண்டு நிபந்தனைகளும் விதித்தார். விமானத்தின் படத்தை ஒட்டினால் மட்டும் போதாது, அதன் குணம் ஆட்டத்தில் தெரிய வேண்டும் என்பது முதலாவது. எழுதும் ஒவ்வோர் எண்ணையும் எங்கே படித்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. நாங்கள் ஐவர் முன்வந்தோம்.

இத்தகைய விளையாட்டுகள் உலகிற்குப் புதியன அல்ல. 1990-களில் ஜப்பானின் கோயி நிறுவனம் 'ஏரோபிஸ்' என்ற விமானக் கம்பெனி விளையாட்டை வெளியிட்டது. 1994-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற விளையாட்டை எழுதினார். அதனைப் பின்பற்றி 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'ஓப்பன் டி.டி.டி.' என்பதில் ஆட்டக்காரர்களே பழைய விமானங்களைச் செய்து சேர்க்கிறார்கள். அவர்கள் கணிப்பொறியில் செய்வதை நாங்கள் பாதி அட்டையிலும் பாதி எக்செல் தாளிலும் செய்தோம்.

முதலில் ஆட்டத்தின் காலத்தை மாற்றினோம். ஆட்டம் 1932-இல் தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் ஐந்து ஆண்டுகள். ஒரு விமானம் எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டுக்குப் பிறகே அதனை வாங்கலாம். ஆகவே முதல் சுற்றில் கடையில் இருந்தது ஒன்றே ஒன்று: டி ஹாவிலண்ட் புஸ் மாத். ஒற்றை இயந்திரம், துணி போர்த்திய உடல். ஓட்டுநரைத் தவிர ஒருவரோ இருவரோ ஏறலாம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்.

1932 அக்டோபர் 15-ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா இந்த விமானத்தில் ஏறத்தாழ 25 கிலோ தபாலை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். இந்தியக் கம்பெனி ஒன்றின் முறையான விமானத் தபால் இப்படித்தான் தொடங்கிற்று. அகமதாபாத்தில் விமானத்திற்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன என்று படித்தபோது எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. விமானத்தையும் மாட்டு வண்டியையும் ஒரே படத்தில் வரைந்து அட்டையில் ஒட்டினோம்.

இந்த விமானம் ஒரே தாவலில் எவ்வளவு தூரம் போகும்? ஒரு நூலில் ஓர் எண், இன்னொன்றில் வேறோர் எண். எனவே நாங்கள் வரைபடத்தை விரித்து, அது உண்மையிலேயே பறந்து காட்டிய தூரத்தை அளந்தோம். கராச்சியிலிருந்து அகமதாபாத் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பம்பாயிலிருந்து பெல்லாரியும் ஏறத்தாழ அவ்வளவே. பெல்லாரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 430. ஆகவே 600 என்று எழுதினோம். பம்பாயிலிருந்து சென்னைக்கு நேர் வானவழி ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புஸ் மாத்தால் அதனை ஒரே மூச்சில் கடக்க இயலாது. இடையில் எங்காவது இறங்கியே ஆக வேண்டும். அப்படி இறங்கிய ஊர் பெல்லாரி. அந்நாளில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது.

அடுத்து வரவு செலவு. 1933-ஆம் ஆண்டு முழுவதிலும் டாட்டாவின் விமானங்களில் பயணம் செய்தவர் 155 பேர் மட்டுமே. இன்று ஓர் ஏ320 விமானம் ஒரு நடையில் ஏற்றக்கூடிய 180 பேரைவிட இது குறைவு! அப்படியிருந்தும் அவ்வாண்டு அக்கம்பெனிக்கு 60,000 ரூபாய் இலாபம். எப்படி? தபால்தான் அதற்குச் சோறு போட்டது. அக்காமார் செய்த எக்செல் தாளில் தபாலுக்கு இடமே இல்லை. புதிதாக ஒரு கட்டம் போட்டோம். இப்போது ஆட்டத்தில் பயணி இல்லாத விமானமும் பிழைக்க வழி பிறந்தது.

இரண்டாம் சுற்றில் கடைக்கு வருவது டக்ளஸ் டி.சி.-3. நம் நாட்டார் 'டகோட்டா' என்று அழைத்தது இதைத்தான். 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்தது. இங்கேதான் எங்களுக்கு முதல் தகராறு. "டகோட்டா என்று ஒரு வரி எழுதினால் போதும்" என்றாள் ஒருத்தி. "போதாது, அதில் பல உண்டு" என்றாள் மற்றொருத்தி. உண்மையில் அந்த விமானம் பிறந்தபோது அது படுக்கை விமானம். இரவெல்லாம் பறக்கும் அமெரிக்கப் பயணிகளுக்காக 14 படுக்கைகளோடு செய்தார்கள். பகல் பயணத்திற்காக அதே உடலில் 21 இருக்கை போட்டது டி.சி.-3. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அகன்ற சரக்குக் கதவும் உறுதியான தளமும் வைத்துச் செய்தது சி-47. முதலிரண்டும் சேர்ந்து 607 மட்டுமே. சி-47-உம் அதன் வழிவந்தவையுமோ பதினாயிரத்திற்கும் மேல்!

இந்தத் தகராறைத் தீர்த்து வைத்தவள் பருத்திக்காரர் வீட்டுப் பெண். "பருத்தி என்று சொன்னால் எங்கள் அப்பாவுக்குப் போதாது, என்ன ரகம் என்றுதான் கேட்பார். கருங்கண்ணி வானம் பார்த்த கரிசலில் தாக்குப் பிடிக்கும். எம்.சி.யு. 5 நீண்ட இழை தரும்; ஆனால் தண்ணீர் கேட்கும். இரண்டுக்கும் பெயர் பருத்திதான். மாற்றி விதைத்தால் வீடு கடனாகும்" என்றாள். அன்று முதல் எங்கள் எக்செல் தாளில் 'ரகம்' என்று ஒரு தனிக் கட்டம் ஏற்பட்டது. படுக்கை ரகம், இருக்கை ரகம், சரக்கு ரகம் என மூன்று வரிகள் எழுதினோம். படுக்கை ரகத்தில் டிக்கெட் விலை அதிகம், ஆள் குறைவு. சரக்கு ரகத்தில் ஆள் ஏற்றினால் வசதி குறைவு. ஆனால் மூட்டை ஏற்றினால் வரவு மிகுதி. போர் முடிந்தபின் தேவைக்கு மிஞ்சிய சி-47 விமானங்களை மலிவாக விற்றார்கள். எனவே ஆட்டத்திலும் 1945-க்குப் பிறகு அதன் விலையைக் குறைத்தோம்.

டகோட்டாவைச் சேர்த்ததும் ஒரு புதிய ஆட்டமுறை தானாக அமைந்தது. அதற்கும் வரலாறு உண்டு. 1949 சனவரியில் நம் நாட்டில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் நான்கு விமானங்கள் புறப்படும். நாட்டின் நடுவே உள்ள நாகபுரியில் நான்கும் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் ஊருக்குத் திரும்பும். வரைபடத்தில் அளந்து பார்த்தோம். நான்கில் மிகத் தொலைவான கல்கத்தாவே நாகபுரியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் டகோட்டா நான்கு மணி நேரத்திற்குள் போய்விடும். பெருக்கல் வாய்பாடு தெரிந்த யாரும் இதைச் சரிபார்க்கலாம். எங்கள் ஆட்டத்தில் நான்கு முதலாளிகளும் சண்டையை விட்டுக் கைகோத்துக்கொள்ளும் ஒரே கட்டம் இதுதான்.

1953 ஆகஸ்டு 1-இல் எட்டுத் தனியார் கம்பெனிகளை ஒன்றாக்கி அரசு இந்தியன் ஏர்லைன்ஸைத் தொடங்கியது. அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். அதன் பிறகு 1957-இல் வைகவுண்ட் வந்தது. ஜெட் இயந்திரத்தால் சுழல்விசிறியைச் சுற்றும் முறையில் பயணிகளை ஏற்றிய முதல் வகை அது. அதைச் செய்த விக்கர்ஸ் நிறுவனம் வாங்கும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தது; இந்தியன் ஏர்லைன்ஸுக்கு உரிய எண் 768. 1961-இல் ஃபாக்கர் பிரண்ட்ஷிப் வந்தது. அதே 1961-இல் கான்பூரில் நம்மவர் கையால் பூட்டிய முதல் ஆவ்ரோ 748 பறந்தது. ஃபாக்கருக்கும் ஆவ்ரோவுக்கும் இயந்திரம் ஒன்றே, ரோல்ஸ் ராய்ஸ் டார்ட். ஆனால் ஃபாக்கரின் இறக்கை முதுகின் மேலே. ஆவ்ரோவின் இறக்கை வயிற்றின் கீழே. டகோட்டா இறங்கிய குறுகிய, கரடுமுரடான தளங்களிலும் இறங்க வேண்டும் என்று எண்ணியே ஆவ்ரோவை வரைந்தார்கள்.

பின்னர் ஜெட் விமானமான போயிங் 737-200. இதிலும் ஒரு ரகம் எங்களை வியக்க வைத்தது. தார் போடாத, சரளைக்கல் பரப்பிய ஓடுதளத்தில் ஜெட் விமானம் இறங்கினால் கல் தெறித்து இயந்திரத்திற்குள் போய்விடும். ஆனால் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் உள்ள பனிப்பிரதேசச் சிற்றூர்களில் சரளைத் தளம்தான் உண்டு. அவ்வூர்களுக்காகவே போயிங் நிறுவனம் முன் சக்கரத்தில் கல்தடுப்புத் தகடும், இயந்திரத்தின் முன்னே காற்றைப் பீய்ச்சிக் கல்லை விலக்கும் குழாயும் பொருத்திக் கொடுத்தது. ஒரு சிற்றூர் விமானத்திற்கேற்ப மாறவில்லை. விமானம் அச்சிற்றூருக்கேற்ப மாறியது!

இதை எழுதி முடித்த மாலையில் எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நாங்கள் சேர்த்த ரகங்களைத் திரும்பப் பார்த்தோம். படுக்கை ரகம் இரவுப் பயணிகளுக்காக. அகன்ற கதவு போர்க்களத்திற்காக. ஆவ்ரோ குறுகிய தளங்களுக்காக. கல்தடுப்பு ரகம் பனிச் சிற்றூர்களுக்காக. எந்த ரகமும் சும்மா பிறக்கவில்லை. யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், "எங்களுக்கு இப்படி வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்; அதைக் கேட்க ஒரு காதும் இருந்திருக்கிறது.

நிற்க. பெண்கள் பள்ளியில் செய்த விளையாட்டில் பெண்கள் இல்லாமல் இருக்கலாமா? விமான ஓட்டுநர் சீட்டுகளில் உண்மையான வீராங்கனையரின் பெயர்களைப் பொறித்தோம். 1936-இல் 21 வயதில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற சர்லா தக்ரால். 1951-இல் சென்னை அரசாங்கத்திற்காக வாங்கிய டவ் விமானத்தைக் கணவருடன் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்த உஷா சுந்தரம். 1985-இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஃபாக்கர் விமானத்தில் பெண்கள் மட்டுமே பணியாற்ற, தலைமையேற்று ஓட்டிய சௌதாமினி தேஷ்முக். இச்சீட்டு கிடைத்தால் பழுதுச் செலவில் ஒரு பங்கு குறையும். அதைப் பெறக் கண்காட்சியில் பையன்களும் போட்டியிட்டனர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அனைத்தையும் சேர்த்த பின் நாங்கள் ஆடிப் பார்த்தோம். முதல் சுற்றில் நான்கு முதலாளிகளும் பெல்லாரியில் இறங்கினர். வேறு வழி இல்லை. பெல்லாரிக்குத் தபால் போயிற்று, பயணி போனார், வரவும் வந்தது. இரண்டாம் சுற்றில் டகோட்டா வந்தது. அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஒரே தாவலில் போகும். நால்வரும் பம்பாயிலிருந்து நேரே சென்னைக்குப் பறந்தனர். எக்செல் தாளில் பெல்லாரிக்கு நேரே பூஜ்யம் விழுந்தது. மூன்றாம் சுற்றிலும் பூஜ்யம், நான்காவதிலும் பூஜ்யம். விமானம் மேம்பட மேம்பட ஊர்கள் குறைந்துகொண்டே வந்தன. யார் மீதும் குற்றமில்லை. ஆட்டத்தின் விதி அப்படி. கையிருப்பு அதிகமானவரே வென்றவர் அல்லவா?

ஊர்களின் தாளைக் கவனித்து வந்தவள் எங்கள் தோழி ஒருத்தி. அவள் திரையைப் பார்த்தபடியே, "பெல்லாரியில் இறங்க வேண்டியவர் என்ன ஆனார்?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்று எங்கள் அனைவருக்கும் தெரியும்.

அவளுடைய ஊர் பள்ளியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளிய சிறு கிராமம். காலையும் மாலையும் ஒரு மினிபஸ் வந்துகொண்டிருந்தது. மாலை நடைக்குக் கூட்டம் போதவில்லை என்று சென்ற ஆண்டு அதை நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் அவள் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வீடு திரும்புகிறாள். வெயில் காலத்தில் தூரம் மட்டுமே கஷ்டம். மழை பெய்தால் கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு செருப்பையும் பிடுங்கிவிடும். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்க அவள் அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும், திரும்பிவர இருட்டிவிடும். "மாலை வண்டி இல்லையென்றால் பத்தோடு போதும்" என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஐவரில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குபவள் அவள்தான்.

அன்று நாங்கள் ஆட்டத்தின் விதியை மாற்றினோம். 'ஊர்ப்புள்ளி' என்று ஒன்றைச் சேர்த்தோம். வேறு யாரும் போகாத சிற்றூருக்கு விமானம் விடும் கம்பெனிக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஊர்ப்புள்ளி உண்டு. அவ்வூரில் ஏற்படும் நட்டத்தில் ஒரு பகுதியை வங்கி ஈடுசெய்யும். ஆட்ட முடிவில் கையிருப்பையும் ஊர்ப்புள்ளியையும் சேர்த்தே வெற்றி கணக்கிடப்படும்.

இது வெறும் இரக்கத்தால் செய்த விதி அன்று. நாட்டிலேயே உள்ள நடைமுறைதான். 2017-இல் பறக்கத் தொடங்கிய 'உடான்' திட்டத்தில் சிற்றூர் விமானங்களுக்கு அரசு நட்ட ஈடு தருகிறது. ஒரு மணி நேரப் பயணத்திற்குக் குறிப்பிட்ட இருக்கைகளின் கட்டணம் சுமார் 2,500 ரூபாய்க்கு மிகக் கூடாது என்ற வரம்போடுதான் அத்திட்டம் தொடங்கியது. நம் சேலத்திற்கு 2018-இல் அப்படித்தான் ஏ.டி.ஆர். 72 விமானம் வந்தது, இடையில் நின்றது, 2023-இல் சேலத்திற்கு மறுபடியும் விமானச் சேவை தொடங்கிற்று. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரில் தன் முதல் பயணத்தையே டகோட்டாவில் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திற்கும் சென்னைக்கும் இடையே நெடுங்காலம் விமானமே இல்லை. 2019-இல் அவ்வழி மீண்டும் திறந்தபோது சென்னையிலிருந்து போனது பெரிய ஜெட் அன்று; அந்தச் சிறிய ஏ.டி.ஆர். 72 தான். நின்ற வழி திறப்பதும் உண்டு. அதற்கு ஏற்ற ரகம் வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன.

கண்காட்சி நாளன்று எங்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பெற்றோர் பலர் வந்தனர். மாலையில் தோழியின் தந்தையும் வந்தார். பருத்திக் காட்டிலிருந்து நேரே வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு ஓரமாக நின்றார். "நீங்களும் ஆடுங்கள் அப்பா" என்று அவள் அவரை நான்காவது முதலாளியாக உட்கார வைத்தாள். விமானங்களின் பெயர்களை அவள் வாசித்துச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எவ்வளவு மூட்டை ஏறும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மற்ற மூவரும் ஜெட் வாங்கிய பிறகும் அவர் தம்முடைய சரக்கு டகோட்டாவை விற்கவில்லை. தபாலும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு பெல்லாரியில் இறங்கிக்கொண்டே இருந்தார்.

"மாமா, பெல்லாரியில் கூட்டம் இல்லை, நட்டம் வருகிறதே, நிறுத்திவிடலாமா?" என்று நாங்கள் கேட்டோம்.

"கூட்டம் இல்லைன்னா வண்டியை நிறுத்திப்புடுறதா தாயி? சின்ன வண்டியா விடலாம்ல. அங்கயும் ஆளு காத்துக்கிட்டு நிக்கும்" என்றார் அவர்.

பழைய விதிப்படி கணக்கிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவருக்குக் கடைசி இடம். புதிய விதிப்படி இரண்டாம் இடம். அவர் இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்தார். ஆனால் அவர் சொன்ன சொல் எங்களை விட்டு எழவில்லை. நாங்கள் பல வாரம் படித்து அறிந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஊர் சிறியதென்றால் ஊரைக் கைவிடுவது வழியன்று. அதற்குத் தக்க ரகத்தைத் தேடுவதே வழி. எண்ணிப் பார்த்தால் மினிபஸ்ஸும் அப்படிப் பிறந்த ஒரு ரகம் தானே! பெரிய பேருந்து போகாத கிராமங்களுக்காகவே 1997-இல் தமிழ்நாட்டில் மினிபஸ் திட்டம் வந்தது.

அடுத்த வாரம் எங்கள் ஐவருக்கும் ஒரு புதிய வேலை. எக்செல் தாளில் விமானத்தின் பெயர் இருந்த இடத்தில் மினிபஸ் என்று எழுதினோம். பெல்லாரி இருந்த இடத்தில் தோழியின் ஊரையும், வழியில் உள்ள இரண்டு ஊர்களையும் எழுதினோம். மாலையில் அவ்வழியே நடக்கும் மாணவியர் எத்தனை பேர், தறி வேலை முடிந்து திரும்புவோர் எத்தனை பேர், சந்தை நாளில் மூட்டை எவ்வளவு என்று ஒரு வாரம் சாலையோரம் நின்று எண்ணிக் குறித்தோம். தபாலுக்குப் போட்ட கட்டத்தில் மூட்டைகளைச் சேர்த்தோம். ஐந்தரை மணிக்குப் பதில் ஆறேகால் மணிக்கு வண்டி புறப்பட்டால் தறிக்காரரும் ஏறுவர், கூட்டம் கூடும் என்பது கணக்கில் தெரிந்தது. அந்தத் தாளை இணைத்து ஒரு மனு எழுதினோம். மூன்று ஊர்ப் பெற்றோரும் கையெழுத்திட்டனர். எழுதத் தெரியாத பாட்டிமார் கைநாட்டு வைத்தனர். எங்கள் கணித ஆசிரியை அதை எடுத்துச் சென்று உரிய இடத்தில் சேர்ப்பித்தார்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் நாள் வரை மனுவுக்குப் பதில் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம். வராவிட்டால் மறுபடியும் எண்ணி, மறுபடியும் எழுதுவோம். ஆனால் தோழியின் வீட்டில் ஒரு மாற்றம். "பரிச்சை முடிஞ்சதும் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பதினொண்ணாப்புக்கு பாரம் வாங்கிட்டு வருவோம். வண்டி வர்ற வரைக்கும் நான் சைக்கிள்ல வந்து கூட்டியாரேன்" என்று அவள் தந்தை சொல்லிவிட்டாராம். இதை அவள் எங்களிடம் சொன்ன அன்று நாங்கள் ஐவரும் பள்ளிச் சிற்றாலயத்திற்குச் சென்று சிறிது நேரம் அமைதியாக அமர்ந்துவிட்டு வந்தோம்.

அன்புச் சகோதரிகளே! பழையது என்றால் பயனற்றது என்றும் பெரியது என்றால் சிறந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். புஸ் மாத் இரண்டு பேரைத்தான் ஏற்றிற்று; ஆனால் தபாலை நம்பி ஓர் ஊரில் இறங்கிச் சென்றது. டகோட்டா மெல்லத்தான் பறந்தது. ஆனால் நான்கு திசைக் கடிதங்களை ஓர் இரவில் மாற்றிக் கொடுத்தது. நம்மிலும் பல ரகம் உண்டு. வேகமாகப் படிப்பவர் உண்டு. மெல்லப் படித்துச் சுமை தாங்குபவர் உண்டு. எல்லாரும் ஜெட் விமானமாகிவிட்டால் சின்ன ஊர்களில் இறங்குவது யார்?

எங்களுக்குப் பின் பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். 'விமானக் கம்பெனி' அட்டையும் கணிப்பொறித் தாளும் ஆய்வகத்தின் இரண்டாம் அலமாரியில் இருக்கின்றன. இன்னும் சேர்க்க வேண்டிய ரகங்கள் பல உண்டு. சேர்க்கும்போது எத்தனை இருக்கை, என்ன வேகம் என்று எழுதியபின் இன்னொரு கட்டத்தையும் நிரப்புங்கள். அதை நாங்கள் கடைசி நாளில் போட்டு வைத்திருக்கிறோம். அதன் தலைப்பு: 'இது எந்த ஊருக்காக?'